மட்டம் சரி, சுவர் தப்பு

அத்தியாயம் 9

புதன், மார்ச் 12. காலை 6.40.

நேற்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். அம்மாவுக்கான கைப்பிடிக் கம்பியை ‘பாத்ரூம், இடது பக்கச் சுவர்’ என்று எழுதிவிட்டேன். உள்ளே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்குத்தான் அது இடது. வாசலில் நின்று பார்ப்பவருக்கு அது வலது. எந்தப் பக்கமிருந்து பார்க்கிறாய் என்பதை முதலில் எழுது என்று வரைபட வகுப்பில் மாஸ்டர் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார். நோட்டில் திருத்திவிட்டேன். ஒரு பாத்ரூமையே ஒழுங்காக எழுதத் தெரியாதவள் நாளைக்கு யாருக்கு வீட்டுப் படம் வரைந்து கொடுக்கப் போகிறேனோ?

பேனாவை மூடிவிட்டுச் சின்னவள் எழுந்தாள்.

வீட்டில் கடைசிப் பிள்ளை என்பதால் இருபத்துமூன்று வயதிலும் அவள் சின்னவள்தான். எதற்கெடுத்தாலும் பட்டியல் போடுவதால் அண்ணனுக்கு மட்டும் ‘லிஸ்ட்டு’. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் வரைபட வகுப்பு, மிச்ச நேரத்தில் தன்னைத்தானே சந்தேகப்படுவது என்று அவள் நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாம் பதினெட்டு நாளைக்கு முன்பு வரைக்கும். அன்றுதான், சொட்டிக்கொண்டே இருந்த பாத்ரூம் குழாயடி ஈரத்தில் அம்மா வழுக்கி விழுந்தாள்.

வலது இடுப்பில் ஆபரேஷன். வலது மணிக்கட்டில் கட்டு. வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்பலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியாயிற்று. ஆனால் அம்மாவுக்கு நடை பழக்கும் பிசியோ பெண் கறார் பேர்வழி.

“பாத்ரூம்ல மூணு வேலை முடிஞ்சிருக்கணும். நாளைக்கு வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணிக்குள்ள எனக்கு போட்டோ வரணும். வரலைன்னா அந்த வீட்டுக்கு நான் அனுப்ப மாட்டேன். வேற இடம் பார்த்துக்கோங்க” என்று காலையிலேயே போனில் நினைவுபடுத்தினாள்.

வேறு இடம் என்றால் அண்ணன் வீடு. காரில் ஆறு மணி நேரம். அங்கே பாத்ரூம் ஓட்டல் மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமை வண்டியோடு வருவதாக அவனும் சொல்லிவிட்டான். அம்மாவுக்குத்தான் மனசில்லை. “ஒரு தடவை அங்க போய்ப் படுத்தேன்னா அப்புறம் என்னைத் திருப்பி அனுப்ப மாட்டான்டி. பாசத்துலயே கட்டிப் போட்டுருவான்” என்று நேற்று மாலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடது கையால் சின்னவளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவளால் இப்போது பிடிக்க முடிந்த கை அது ஒன்றுதான்.

அந்தக் கைக்காகத்தான் கம்பி. இரண்டாவது, சொட்டுகிற குழாயை மாற்றுவது. மூன்றாவது, வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி கதவுக்கு ஒரு தாழ்ப்பாள். எதையும் இரண்டு பிரதி எழுதுவது சின்னவளின் பழக்கம்: ஒன்று நோட்டில், ஒன்று ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில். கம்பி வாங்கியாயிற்று. குழாய் வாங்கியாயிற்று. தாழ்ப்பாளும் வந்துவிட்டது.

வராதது ஆள்தான்.

ஏழு மணிக்குப் போனை எடுத்தாள். கடைக்கு லீவு சொல்லியிருந்தாள்.

“எத்தனை பாத்ரூம்?” என்றார் முதல் ஆள்.

“ஒண்ணுதாங்க.”

“முழுசா உடைக்கணுமா?”

“இல்லைங்க, ஒரு கம்பி மாட்டணும், ஒரு குழாய்…”

“அடுத்த மாசம் பார்க்கலாம்மா.”

இரண்டாவது ஆள் இன்னும் கொஞ்சம் பேசினார். “ரெண்டு துளை போடறதுக்கு மிஷினை வண்டியில ஏத்தி, இறக்கி, மறுபடி ஏத்தணும். யானையைக் கூட்டிட்டு வந்து எலுமிச்சம்பழம் நசுக்கச் சொல்ற மாதிரி இருக்கு. வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையா?”

ஆம்பளை இருந்தார். கூடத்து நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு போனுக்கும் ஒரு உறுமல் உறுமிக்கொண்டிருந்தார். அப்பா முப்பத்தொரு வருஷம் பேரிங் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு உருண்டை வெளியே உருண்டதில்லை. ஆனால் வாழ்நாளில் ஒரு ஆணி அடித்ததில்லை. கேட்டால், “செய்யறவன் வேற, பார்க்கிறவன் வேற. ரெண்டும் ஒரே ஆளா இருந்தா ஊரு உருப்படாது” என்பார்.

மூன்றாவது ஆள் வருவதாகவே சொல்லிவிட்டார். சின்னவள் பேனாவை எடுத்து நோட்டில் அவர் எண்ணுக்கு எதிரே டிக் போடப் போனாள்.

“எந்தத் தெரு சொன்னீங்க?” என்றார் அவர்.

சொன்னாள்.

“நீலக் கேட் வீடா?”

“ஆமாங்க, நீலக் கேட்தான். உங்களுக்குத் தெரியுமா?”

போன் வைக்கப்பட்டது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை.

நாலாவது ஆளும் நீலக் கேட் என்றதும், “அன்னைக்கு எனக்கு ஒரு கல்யாணம்மா” என்றார். எந்த நாள் என்று அவள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

“என்னப்பா இது? கேட்டோட கலரைச் சொன்னாலே ஓடறாங்க!”

“திமிரு” என்றார் அப்பா, பேப்பருக்குப் பின்னால் இருந்து. “ஒருத்தனுக்கும் வேலை மேல மரியாதை கிடையாது. உடம்பு வளையாது. வாய் மட்டும் வளையும்.”

அந்த நேரம் பார்த்து அண்ணன் போன் செய்தான். “என்ன லிஸ்ட்டு, ஆள் கிடைச்சுதா?”

“கிடைச்சிரும்.”

“கிடைச்சிரும்னா கிடைக்கலைன்னு அர்த்தம். எதுக்கு இந்த வீம்பு? ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு குழாயை மாத்த முடியலை, அம்மாவை எப்படிப் பார்த்துக்குவீங்க? நான் வெள்ளிக்கிழமை வர்றேன். பேக் பண்ணி வை.”

நியாயமாகத்தான் கேட்டான். அதனால்தான் அவளுக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். போனில் பேசினால்தானே வைப்பார்கள்? நேரில் போனால் எங்கே வைப்பார்கள் என்று பார்த்துவிடலாம்.

*

கடைத்தெரு வளைவில் இருந்த ஹார்டுவேர் கடையில்தான் காலை வேளையில் வேலைக்காரர்கள் எல்லாரும் கூடுவார்கள். பைப் அடுக்கி வைத்திருந்த இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில், காகிதக் கோப்பையில் டீயை ஊதிக்கொண்டு நின்றவரை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. எல்போ. பிளம்பர். பைப் திரும்புகிற முனையில் மாட்டும் எல்போ இணைப்பு ஒன்று சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் என்பதால் வந்த பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம். இரண்டு வருஷத்துக்கு முன்பு வாஷ்பேசினுக்குப் புதுசாக பைப் இழுக்க வீட்டுக்கு வந்திருக்கிறார்.

“அண்ணே, நான் நீலக் கேட் வீட்டு…”

“தெரியும்.” அவர் டீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஒரு கம்பி, ஒரு குழாய், ஒரு தாழ்ப்பாள். அரை நாள் வேலைகூட இல்லை. காலையிலேருந்து நாலு பேர்கிட்ட கெஞ்சிட்டேன். சின்ன வேலைன்னா உங்களுக்கெல்லாம் அவ்வளவு கேவலமா?”

“சின்ன வேலைன்னு யாரு சொன்னா?”

“எல்லாரும்தான்!”

கல்லாவில் இருந்த கடைக்காரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தராசைத் துடைத்தாள். “சொல்லிருங்களேன் எல்போ. பாவம், அந்தப் பொண்ணுக்குத் தெரியாது போல.”

எல்போ கோப்பையைக் கசக்கிக் கூடையில் போட்டார். “வேலை சின்னது பெரிசுங்கறது இல்லை பாப்பா. உங்க வீட்டுக்கு இந்தப் பக்கத்துல எவனும் வரமாட்டான். எங்களுக்குள்ள அந்த வீட்டுக்கு ஒரு பேரு இருக்கு. பெருக்கல் வீடு.”

“என்ன வீடு?”

“பெருக்கல். கணக்குல போடுவோமே, அந்தக் குறி.” ஆள்காட்டி விரலால் காற்றில் இரண்டு கோடு குறுக்கே இழுத்துக் காட்டினார். “உங்கப்பா ரசமட்டத்தை வச்சு என் பைப்பைப் பார்த்தாரு. குமிழ் ஒரு மயிரிழை தள்ளி நிக்குதுன்னாரு. கழட்டினேன். மறுபடி வச்சுப் பார்த்தாரு. கழட்டினேன். மூணாவது தடவையும் கழட்டினேன். நாலாவது தடவை சட்டைப் பையிலேருந்து சிவப்பு சாக்பீஸை எடுத்து என் வேலை மேல பெருசா ஒரு பெருக்கல் போட்டாரு. கூட நாலு பேர் நிக்கறாங்க. கழிச்சுக்கட்டின சாமான் மேல போடற குறி, பாப்பா, அது. முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்.”

அந்தக் குறி சின்னவளுக்குத் தெரியாதா? நாலாம் வகுப்பிலிருந்து அவளுடைய நோட்டுகளில் எல்லாம் அப்பா அதைப் போட்டிருந்தார். வாத்தியார் டிக் போட்ட கணக்குக்கு மேல்கூட, ‘எண்கள் நேர்கோட்டில் இல்லை’ என்று.

“எனக்கு அப்புறம் டைல்ஸ் ஒட்ட வந்தவனுக்கு ரெண்டு. பெயிண்டருக்கு ஒண்ணு. தச்சர் மாட்டின கதவுலயே ஒண்ணு. போதுமா?”

“போதும்” என்றாள் சின்னவள். அவள் குரல் ஏறியது. “எங்கப்பா மேல கோபம்னா எங்கப்பாகிட்ட காட்டுங்க. வாசல்ல நின்னு நாலு வார்த்தை திட்டுங்க, நானே நாற்காலி போடறேன். அதை விட்டுட்டு எல்லாரும் சேர்ந்து வாயை மூடிட்டு இருந்தா? எங்கம்மா என்ன பண்ணாங்க உங்களுக்கு?”

“அம்மாவை ஒண்ணும் சொல்லலையே. அவங்க அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்து, மனசுல வச்சுக்காதீங்கன்னு சொன்னாங்க. நாலு மாசம் முன்னாடி போன்கூடப் பண்ணாங்க, குழாய் சொட்டுதுன்னு. அஞ்சாறு தடவை பண்ணியிருப்பாங்க.” எல்போ சட்டைப் பையைத் தடவினார். “நான்தான் எடுக்கலை.”

“அந்தக் குழாய்தான் அண்ணே.”

“எது?”

“அந்தக் குழாயடியிலதான் விழுந்தாங்க. இடுப்பு எலும்பு உடைஞ்சு பதினெட்டு நாளா ஆஸ்பத்திரியில இருக்காங்க. நாளை மதியத்துக்குள்ள இந்த வேலை முடியலைன்னா வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க.”

கடைக்காரம்மா தராசைத் துடைப்பதை நிறுத்தினாள். எல்போ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். ஒரு ‘ம்’ கூட இல்லை.

“போகட்டும் விடும்மா” என்றாள் கடைக்காரம்மா, ஒரு துண்டுச் சீட்டில் அவர் எண்ணை எழுதி நீட்டியபடி. “எதுக்கும் வச்சுக்கோ.”

வழியில் ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். “ஆள் கிடைச்சுதாடி?”

“கிடைச்சாச்சும்மா” என்று கூசாமல் பொய் சொன்னாள் சின்னவள்.

“உங்கப்பா பக்கத்துல நிக்காம பார்த்துக்கோ.”

அப்படியானால் அம்மாவுக்கும் தெரியும். ஊருக்கே தெரியும். தெரியாதது வீட்டிலிருந்த இரண்டு பேருக்குத்தான். அப்பாவுக்குத் தெரிந்துகொள்ள அவசியம் இருந்ததில்லை. இன்னொருத்தி, எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறவள், குழாய் நாலு மாதமாக ஏன் சொட்டுகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டை நெருங்க நெருங்க அவள் நடை ஓட்டமாக மாறியது. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது. என்னென்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வரிசை போட்டுக்கொண்டே வந்தாள். ஏழு இருந்தது.

*

கூடத்தில் தண்ணீர் நின்றது.

“யாரு? சின்னவளா? ஓடி வா! சீக்கிரம்!” பாத்ரூமுக்குள்ளிருந்து அப்பாவின் குரல்.

அப்பா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தார். மூக்குக்கண்ணாடி வழியே தண்ணீர் வழிந்தது. காலடியில் எதிர்வீட்டிலிருந்து இரவல் வாங்கிய டிரில்லிங் மிஷின். நல்லவேளை, பிளக்கைப் பிடுங்கியிருந்தார். பென்சிலால் கோடு போட்ட டைல்ஸில் ஒரு துளை அழகாக இருந்தது. இன்னொரு துளை இருந்த இடத்தில் அப்பாவின் கட்டைவிரல் இருந்தது. விரலைச் சுற்றி விசிறி மாதிரி தண்ணீர் பீய்ச்சியது.

முப்பத்தொரு வருஷம் பார்க்கிறவராகவே இருந்தவர், இன்றைக்கு முதல் தடவையாகச் செய்கிறவராகியிருந்தார்.

“மாடியில தண்ணியை நிறுத்தற கேட் வால்வை மூடு!”

மாடிக்கு ஓடினாள். வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் திருகினாள், தொங்கியே பார்த்தாள். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். திரும்ப ஓடிவந்தாள்.

“அசைய மாட்டேங்குதுப்பா.”

“அதை மாத்தணும்னு அவன் அப்பவே சொன்னான்” என்றார் அப்பா சுவரைப் பார்த்தபடி.

“எவன்?”

அப்பா கட்டைவிரலை இன்னும் அழுத்தினார். அவள் துண்டுச் சீட்டை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

“அண்ணே, நீலக் கேட் வீடு. பைப்புல துளை விழுந்துடுச்சு. வால்வு மூட மாட்டேங்குது. அப்பா விரலை வச்சு அடைச்சுட்டு நிக்கறாரு.”

அந்தப் பக்கம் ஸ்கூட்டர் சத்தம் நின்றது.

“யாரு?”

“அப்பா.”

“விரலை வச்சா?”

“கட்டைவிரல்.”

“எடுக்க வேண்டாம்னு சொல்லு.” போன் வைக்கப்பட்டது. வருகிறாரா, வயிறு குலுங்கச் சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

“எடுக்கக் கூடாதாம்” என்றாள் சின்னவள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. அப்பாவால் இப்போது எங்கேயும் போக முடியாது. பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்ள முடியாது. இந்த வீட்டில் இருபத்துமூன்று வருஷத்தில் இப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை.

“பெருக்கல் வீடு” என்றாள்.

“என்ன?”

“நம்ம வீட்டுக்கு ஊர்ல பேரு. நீங்க வச்ச பேரு. பிளம்பருக்கு ஒண்ணு, பெயிண்டருக்கு ஒண்ணு, டைல்ஸ்காரருக்கு ரெண்டு. அதனாலதான் ஒரு ஆளும் வரலை. நாலு மாசமா அம்மா அந்தக் குழாய்க்கு ஆள் தேடியிருக்காங்க, தெரியுமா உங்களுக்கு? உங்க சாக்பீஸுக்குப் பயந்து ஒருத்தர்கூட போனை எடுக்கலை. அந்த ஈரத்துலதான் அம்மா விழுந்தாங்க. திமிரு பிடிச்சவங்கன்னு காலையிலேருந்து திட்டினீங்களே, யாருக்குத் திமிரு?”

“வேலையைச் சரியாச் செய்யணும்னு சொல்றது தப்பா?” அப்பாவும் கத்தினார். தண்ணீர் வாய்க்குள் போய்ப் புரையேறியது. “கோணலா இருந்தா கோணல்னு சொல்லக் கூடாதா?”

“சொல்லலாம். சொல்றதுக்கு வாய் இருக்குல்ல? குறி எதுக்கு? அவங்க என்ன உருண்டையா? நான் என்ன உருண்டையா? என் நாலாம் கிளாஸ் நோட்டு மேல ஏன் போட்டீங்க? இன்னைக்கு வரைக்கும் ஒரு கோடு போட்டா ரெண்டு தடவை அழிச்சுட்டு மூணாவது தடவைதான் போடறேன். எல்லாம் தெரிஞ்ச பரிசோதகர்! இந்தச் சுவர்ல பைப் போகுதுன்னு மட்டும் தெரியாதா? மூணு தடவை கழட்டச் சொன்னீங்களே, இதே பைப்தானே?”

அப்பாவின் முகம் மாறியது. கத்தவில்லை.

“தெரியும்” என்றார். “எனக்கும் சந்தேகமாத்தான் இருந்தது. ஆனா நீ இடதுன்னு எழுதியிருந்தே.”

“எங்க?”

அவர் தாடையால் காட்டினார். கதவுக் கொக்கியில், நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறை போட்டு, அவள் எழுதிய காகிதத்தை மாட்டியிருந்தார். ஃபிரிட்ஜ் கதவுப் பிரதி. ‘கைப்பிடிக் கம்பி: இடது பக்கச் சுவர். தரையிலிருந்து உயரம் 75 செ.மீ.’ அவளுடைய கையெழுத்து. அடியில் ஒரு கோடு வேறு.

சின்னவள் சுவரில் அப்பா போட்டிருந்த பென்சில் கோட்டைப் பார்த்தாள். ரசமட்டம் வைத்து இழுத்த கோடு. எழுபத்தைந்து என்றால் எழுபத்தைந்து. நூல் பிசகவில்லை. சுவர்தான் தப்பு.

“அது… அம்மா உட்கார்ந்தா இடது. இங்கேருந்து பார்த்தா வலதுப்பா. காலையில நோட்டுல திருத்திட்டேன்.”

“நோட்டுல.”

“ஆமா.”

“ஃபிரிட்ஜ்ல?”

“நீங்க போய் மிஷினை எடுப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

விரலைச் சுற்றித் தண்ணீர் மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

“சரிபார்க்கலாம்னுதான் நினைச்சேன்” என்றார் கடைசியில். “அப்புறம், நீ எழுதியிருக்கியே, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

அவள் எழுதியதை அவர் சரிபார்க்காமல் விட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. ஏழு குற்றச்சாட்டில் இன்னும் இரண்டு பாக்கி இருந்தன. அவை என்னென்ன என்று அவளுக்கு நினைவு வரவில்லை. கோபம் போய்விடவில்லை. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றது.

“சண்டை முடிஞ்சுதா, இல்லை நான் வெளியே இருக்கட்டுமா?”

வாசலில் எல்போ. கையில் பைப் ரெஞ்ச். எவ்வளவு நேரமாக நின்றாரோ!

*

மாடி வால்வு அவருடைய ரெஞ்சுக்கு இரண்டு முனகலில் வழிக்கு வந்தது. தண்ணீர் நின்றதும் அப்பா விரலை எடுத்தார். விரல் வெளுத்துச் சுருங்கி, வேறு யாருடையதோ போல இருந்தது.

எல்போ குந்தி உட்கார்ந்து இரண்டு துளையையும் பார்த்தார். பென்சில் கோட்டைப் பார்த்தார்.

“மட்டம் சரியா இருக்கு சார்” என்றார். “சுவர்தான் தப்பு.”

அப்பாவின் பல் நறநறத்தது கூடம் வரை கேட்டிருக்கும்.

“யாராவது டார்ச் அடிங்க. உள்ளே இருட்டா இருக்கு.”

சின்னவள் டார்ச்சை எடுத்து வருவதற்குள் அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டார். உளி இரண்டு டைல்ஸைப் பெயர்த்தது. எல்போ ஓட்டை விழுந்த பைப் துண்டை அறுத்து எடுத்தார், பசை தடவினார், புதுத் துண்டைச் செருகினார். அப்பா வாயே திறக்கவில்லை. ஆனால் டார்ச் வெளிச்சம் பேசியது. எங்கே சரியில்லை என்று அவருக்குத் தோன்றியதோ அங்கே போய் நின்றது. எல்போவின் கை அந்த வெளிச்சத்துக்குள் வரும்போதெல்லாம் ஒரு கணம் தயங்கியது. ஒரு தடவை பசை டப்பாவே கைநழுவி உருண்டது.

வேலை முடிந்தது. எல்போ எழுந்து முழங்காலைத் தட்டினார். அப்பாவின் வலது கை, தன் பாட்டுக்கு, சட்டைப் பைக்குப் போயிற்று.

எல்போ அதைப் பார்த்தார். “போடுங்க சார்” என்றார். குரல் உயரவில்லை. “போட்டுட்டா எனக்கும் வேலை மிச்சம். நாளைக்கு வர வேண்டியதில்லை.”

பையிலிருந்து கை வெளியே வந்தது. விரல் நுனி சிவந்திருந்தது. சாக்பீஸ் நனைந்து பைக்குள்ளேயே கரைந்திருந்தது. சட்டையில் அந்த இடம் ரத்தக்கறை மாதிரி பரவியிருந்தது. அப்பா டார்ச்சை அணைத்து வாஷ்பேசின் மேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று கூடத்துக்குப் போய்விட்டார்.

கேட் வரை சின்னவள் கூடவே போனாள். “நாளைக்கு வர்றீங்களா அண்ணே?”

“எட்டு மணிக்கு வர்றேன். பசை இன்னைக்குப் பூரா காயட்டும். ஒன்பதரைக்குள்ள மூணு வேலையும் முடிச்சுத் தர்றேன். அம்மாவுக்காக. அந்தப் போனை எடுக்காததுக்காக.” ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றினார். “ஆனா அவரு இருக்கக் கூடாது.”

“வாயே திறக்கலையே அண்ணே.”

“அதான் பாப்பா. திட்டினா திருப்பித் திட்டலாம். பின்னாடி நின்னு பார்த்தாருன்னா என் கை நடுங்குது. முப்பது வருஷமா நடுங்காத கை. உங்க வீட்டுல மட்டும்தான். உங்கம்மா பிடிச்சுட்டு எழுந்திரிக்கப் போற கம்பியை நடுங்கற கையால மாட்டச் சொல்றியா?”

அது அவளுக்குத் தெரிந்த நடுக்கம்தான்.

“எட்டு மணிக்கு வந்து கேட்ல நிப்பேன். அவரு உள்ளே இருந்தா அப்படியே திரும்பிருவேன்” என்று சொல்லிவிட்டு எல்போ போனார்.

கூடத்து ஜன்னல் திறந்திருந்தது. அப்பாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

“என் வீட்டுல நான் இருக்கக் கூடாதாம்!” அப்பா ஈரச் சட்டையோடு நின்றபடியே கொதித்தார். “எவனோ ஒருத்தன் வந்து கண்டிஷன் போடுவான், நான் தெருவுல நிக்கணுமா?”

“ஒன்றரை மணி நேரம்தான்ப்பா.”

“ஒன்றரை நிமிஷம்கூட முடியாது. அவன் சுவர்ல துளை போடும்போது யார் பார்க்கிறது? இன்னொரு தடவை பைப்ல போட்டா?”

“இன்னைக்குப் போட்டது அவரு இல்லையே.”

சொல்லியிருக்க வேண்டாம். அப்பா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாலையில் அண்ணன் மறுபடி கூப்பிட்டான். அவள் எடுக்கவில்லை. கூடத்துத் தண்ணீரைத் தள்ளி, டைல்ஸ் துண்டுகளை வாரி, எதிர்வீட்டு மிஷினைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். எல்லாம் முடிந்ததும் ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். காலையிலேயே செய்திருக்க வேண்டிய திருத்தத்தை இப்போதாவது அந்தப் பிரதியில் செய்துவிட வேண்டும்.

கதவுக் கொக்கியில் பிளாஸ்டிக் உறை மட்டும் தொங்கியது. காகிதம் இல்லை. ஃபிரிட்ஜ் கதவிலும் காந்தம் மட்டும்தான் இருந்தது.

அப்பாவின் அறைக் கதவுக்கு அடியில் விளக்கு வெளிச்சம் தெரிந்தது. மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேடுகிற சத்தம். அந்த இழுப்பறையில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு டப்பா நிறைய, உலர்ந்த, புது சாக்பீஸ்.

கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். தட்டாமல் இறக்கிக்கொண்டாள். தன் மேஜைக்கு வந்து நோட்டைத் திறந்தாள்.

புதன், மாலை 7.10. வகுப்புக்குப் போகவில்லை. இரண்டு பிரதி எழுதினால் இரண்டையும் திருத்த வேண்டும். அப்பாவிடம் நான் சொன்ன ஐந்தில் நாலு சரி, ஒன்று தப்பு. எந்த ஒன்று என்று நாளைக்கு யோசிக்கிறேன்.

நாளை, வியாழன், மார்ச் 13: கம்பி, வாசலில் நின்று பார்த்தால் வலது. எல்போ அண்ணன் எட்டு மணிக்கு வருவார். ஏழே முக்காலுக்குள் அப்பாவை வீட்டை விட்டு வெளியே கூட்டிப் போக வேண்டும்.